நெட்டையன் எதைப் பார்த்து வருகிறான்

நான் முதன்முதலாகச் செத்தது ஒரு பீரோவுக்குள். ஒளிந்துகொள்ளச் சொன்னார்கள், ஒளிந்தேன். கதவைச் சாத்த எந்த இடத்தில் விரல் வைக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே நெட்டையன் வந்துவிட்டான். போனில் எல்லாம் சிவந்து, அப்புறம் கறுத்துப் போயிற்று. எனக்குப் பயம் வரவில்லை. அத்தனை அறை இருக்க, இந்த பீரோவை எப்படிக் கண்டுபிடித்தான் என்கிற யோசனைதான் வந்தது.

போன் விளையாட்டைத்தான் சொல்கிறேன். நல்லூரில் என் வீட்டு மாடியில் அக்காள் தங்கை இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். தென்காசிப் பக்கத்துப் பெண்கள். பனியன் கம்பெனியில் அக்காள் ஓவர்லாக் டெய்லர், தங்கை பேக்கிங். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து இதை ஆடுவார்கள். ஆடுவதற்கு மூன்று பேர் வேண்டும். மூன்றாவதாக இருந்த சிநேகிதி ஊரோடு போய்விட்டாள். துணி காயப்போட வந்த என்னை அக்காள்காரி கூப்பிட்டாள்.

"ஆச்சி, சும்மா ஒரு ஆளா வந்து நில்லுங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் ஆச்சி என்று கூப்பிடுவதில்லை. அவர்கள் ஊர் வழக்கம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் சும்மா நில்லு என்றதை விடவில்லை.

"சும்மா நிக்கறதுக்கு நான் என்ன வேலிக்காலா கண்ணு? என்ன பண்ணோணும்னு சொல்லு, பண்றேன்" என்றேன். என் போனை வாங்கி அதிலும் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

விளையாட்டு இதுதான். ஒரு பாழடைந்த கட்டடத்துக்குள் மூன்று பேரும் போக வேண்டும். பூட்டிய அறைகளைக் கம்பியால் நெம்பித் திறந்து, உள்ளே கிடக்கும் சாவிகளை எடுத்து, பின்பக்கத்து கேட்டைத் திறந்து மூன்று பேரும் வெளியே வந்தால் அடுத்த கட்டடம் திறக்கும். ஒருத்தி குறைந்தாலும் திறக்காது. உள்ளே ஒருவன் நடமாடிக்கொண்டே இருப்பான். பனைமரத்தில் பாதி உயரம். அவனுக்கு நெட்டையன் என்று தங்கைக்காரி பேர் வைத்திருந்தாள். அவன் கை பட்டால் செத்தோம்.

போகிற வழியில் ஆணி, ஸ்பிரிங், இரும்புத் துண்டு என்று கிடக்கும். பொறுக்கிக்கொண்டு வந்தால், கட்டடத்துக்கு வெளியே ஒரு மேசை இருக்கிறது. அதன்மேல் நம்முடைய டார்ச், கம்பி, செருப்பு, மருந்துப் பெட்டி, பை எல்லாம் படமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து புள்ளி. ஆணியைப் போட்டால் புள்ளி மஞ்சளாகும். டார்ச்சுக்குப் புள்ளி ஏறினால் வெளிச்சம் கூடும், கம்பிக்கு ஏறினால் பூட்டு சீக்கிரம் திறக்கும். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தப் பெண்களும் படிப்பதில்லை, படத்தைப் பார்த்துத்தான் அமுக்குகிறார்கள். ஆக, அந்த விஷயத்தில் மூன்று பேரும் ஒன்று.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். தலைக்குமேல் ட்யூப் லைட் தொங்கும், மேசையில் துணியை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று பார்த்துத் தள்ள வேண்டும். லைட் ஒன்று மங்கினால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடாமல் நான் அடுத்த பீஸைத் தொட்டதில்லை. வெளிச்சம் இல்லாமல் வேலை இல்லை என்பது எனக்குக் கையோடு ஒட்டிப்போன எண்ணம். அதனால் என் பங்குக்கு வந்த ஆணி அத்தனையையும் டார்ச்சில் கொட்டினேன். நாலு புள்ளி ஏறியது. அந்தப் பெண்களுக்கு ஒரு முழம் தெரிந்தால் எனக்கு நடை முழுக்கத் தெரிந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் நாலாவது கட்டடத்தில் எத்தனை தடவை போனாலும் நெட்டையன் நேரே என்னிடம்தான் வந்தான். நான் சாவேன், கட்டடம் திறக்காது.

"ஆச்சியத் தேடித்தான் வாரான். ரெண்டு பேருக்கும் பழைய பகை ஏதும் உண்டா?" என்று தங்கை சிரித்தாள்.

"எங்க ஊட்டுப் பக்கம் அத்தன ஒசரத்துல ஆரும் இல்ல" என்றேன்.

சிரித்தாளே ஒழிய அவளுக்குச் சலிப்பு வந்துவிட்டது. அவள் கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் இதே விளையாட்டை ரொம்ப நாளாக ஆடுகிறாராம். எல்லாச் சாமானுக்கும் ஐந்து புள்ளியும் ஏற்றி வைத்திருக்கிறாராம். மூன்றாவது ஆளாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"ஆச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் நாலாவது கட்டடம் முடியலன்னா, அவரச் சேத்துக்கிடுதோம். நீங்களும் எத்தன தடவதான் சாவீய?"

அக்காள்காரி அவள் தொடையில் கிள்ளினாள். நான், "அதுக்கென்ன சாமி, சேத்துக்குங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். கீழே வந்து போட்ட காப்பி ஆறிப்போய் ஆடை படிந்தது. இடம் போய்விடுமே என்பது ஒரு பக்கம். அதைவிட, அந்த ஐந்தாவது கட்டடத்தில் என்ன இருக்கிறது, நெட்டையன் ஏன் என்னிடமே வருகிறான், இது இரண்டும் தெரியாமலே நான் வெளியே போக வேண்டும் என்பதுதான் தாங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க, அவர்கள் வேலைக்குப் போன பிறகு, நான் மட்டும் முதல் கட்டடத்துக்குள் போய்ப் போய் வந்தேன். அங்கே தனியாகவும் போகலாம், நெட்டையன் கொஞ்சம் மெதுவாக நடப்பான். தனியாகப் போகும்போது ஏற்றுகிற புள்ளி மூன்று பேர் ஆட்டத்தில் சேராது. ஜெயிக்கப் போகவில்லை. எதை ஏற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்கப் போனேன்.

பார்த்தால், ஏற்றுவது எல்லாம் லாபம் இல்லை. செருப்புக்கு ஒரு புள்ளி ஏற்றினால் நடை வேகம் கூடுகிறது. மூன்று ஏற்றினால் ஓட்டமாக ஓடலாம், ஆனால் சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து அவன் திரும்புகிறான். பை பெரிதானால் ஆணி நிறையப் பிடிக்கிறது, ஆனால் பையோடு பீரோவுக்குள் நுழைய முடியவில்லை. இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மருந்துப் பெட்டியை ஏற்றுவது வீண். அவன் கை பட்டாலே உயிர் போகிறது, அப்புறம் மருந்து யாருக்கு? கம்பி மட்டும்தான் மறுபக்கம் கடிக்காத சாமான். அதிலும் முதல் இரண்டு புள்ளிக்குக் கொஞ்சம் ஆணி போதும், பாதி நேரம் மிச்சமாகிறது. அதற்கு மேலே ஆணி அதிகம், பலன் கொஞ்சம்.

டார்ச்சைத்தான் கடைசியாகப் பார்த்தேன். அணைத்துவிட்டுப் போனால் அவன் என் பக்கமே வரவில்லை. எரியவிட்டவுடன் திரும்பினான். நடுவில் அணைத்தால், கடைசியாக வெளிச்சம் தெரிந்த இடத்துக்கு நேராக வந்து நின்றான். சனிக்கிழமை சாயங்காலம் அக்காள்காரி வேலை முடிந்து வந்ததும் அவளைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் உள்ளே போய், டார்ச்சைக் கீழே வைத்து மாற்றி எடுத்துக்கொண்டோம்.

"கீழ வச்சத எடுக்காம வந்திராதீய ஆச்சி" என்றாள் அவள். "செத்தாக்கூட சாமான் மேசைக்குத் திரும்பிரும். உள்ள வச்சிட்டு வந்தா போனது போனதுதான்."

என் டார்ச் அவள் கையில், அவளுடைய மங்கல் டார்ச் என் கையில். நெட்டையன் என்னைத் தாண்டி அவளிடம் போனான். அவள் 'அய்யோ' என்று போனைத் தூக்கி மடியில் போட்டாள்.

"என்னை இல்லீங்கண்ணு. என்ற டார்ச்சத்தான் அவன் பாக்கறான்" என்றேன்.

மறுநாள் மதியம் படியில் உட்கார்ந்ததும் தங்கை, அப்படியென்றால் ஆச்சி டார்ச்சை அணைத்துவிட்டு வரட்டும் என்றாள். அது சரியாகப் படவில்லை எனக்கு. நாலாவது கட்டடத்தில் அவன் வேகமானவன், எங்கேயாவது ஓரிடத்தில் யாரையாவது பிடிப்பான். அவன் எங்கே இருக்க வேண்டும் என்று நாம் சொல்கிற மாதிரி இருந்தால் அல்லவா நல்லது?

"உங்க டேபிள்ல எல்லாரும் ஓவர்லாக்கா அடிக்கறீங்க?" என்று கேட்டேன். "ஒருத்தி ஓரம் அடிக்கறா, ஒருத்தி கழுத்து வெக்கறா, ஒருத்தி பிசிறு வெட்டறா. இங்க மட்டும் எதுக்கு ஆணியச் சமமாப் பிரிச்சு, மூணு பேரும் முழுப் பனியனையும் தெக்கோணும்? அக்கா கம்பியில போடட்டும், பூட்டத் தொறக்கட்டும். நீ செருப்புல போட்டுட்டுச் சாவியத் தூக்கிட்டு ஓடு. நான் வெளிச்சத்தக் காட்டிட்டு அவன அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போறேன்."

"அது கம்பெனி ஆச்சி" என்றாள் தங்கை. "எக்கா செத்துட்டான்னா அப்புறம் பூட்ட யாரு தொறக்கது? உள்ள மாட்டிக்கிட்டு நிக்கணும்."

அது நியாயமான பேச்சுதான். நான் அதை யோசிக்கவில்லை. கடைசியில், கம்பிக்கு இரண்டு புள்ளி தங்கைக்கும் இருக்கட்டும், அதற்கு மேல் உள்ள ஆணிதான் பிரித்துப் போடுவது என்று முடிவானது. என் டார்ச்சுக்கு ஐந்தாவது புள்ளியும் ஏறியது. இனி அதில் ஏற்ற ஒன்றுமில்லை.

உள்ளே போனோம். நான் மாடிக்கு ஏறி, நடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெளிச்சத்தை அடித்தேன். வந்தான். கீழே அக்காள் பூட்டைத் திறக்கிற சத்தம் என் பக்கத்தில் இருந்த அவள் போனில் கேட்டது. 'ஒண்ணு' என்றாள். நான் அவனை இழுத்துக்கொண்டு சுற்றினேன். 'ரெண்டு.' கொஞ்ச நேரம் கழித்து தங்கை, "கேட்டு தொறந்தாச்சு, வாங்க ஆச்சி வாங்க" என்று கத்தினாள்.

எங்கே வருவது? துணி துவைக்கிற தொட்டி போட்ட ஒரு பெரிய அறைக்குள் போய் மாட்டியிருந்தேன். ஒரே வாசல். அதில் குனிந்து நின்றான் அவன். டார்ச்சை அணைத்தால் கடைசியாக வெளிச்சம் தெரிந்த இடத்துக்கு வருவான், அந்த இடத்தில் நான்தான் நிற்கிறேன், இருட்டில் விலகிப் போக வாசலும் தெரியாது. அப்படியே நின்றால் சாவேன். சாமான் மேசைக்குத் திரும்பிவிடும். டார்ச் மிஞ்சும், ஆனால் கட்டடம் திறக்காது, அடுத்த வாரம் இந்தப் படியில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார்.

வெளிச்சம் ஓரிடத்திலும் நான் ஓரிடத்திலும் இருந்தால் அவன் எதனிடம் போவான்? இதை மட்டும் நான் சோதித்துப் பார்க்கவில்லை.

டார்ச்சை எரியவிட்டே தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டேன்.

"ஆச்சி! அஞ்சு புள்ளி ஆச்சி அது! எடுங்க!" என்று அக்காள் என் தோளைப் பிடித்தாள்.

"சும்மா இரு சாமி" என்று நான் சுவரோரமாக நகர்ந்தேன். அவன் உள்ளே வந்தான். என்னை உரசுகிற மாதிரித் தாண்டிப் போய், தொட்டிக்கு முன்னால் குனிந்து, வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முதுகை அப்போதுதான் முதல் தடவையாக நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறேன். இதுவரைக்கும் முகத்தைப் பார்த்ததும் செத்துப் போகிறேனே, முதுகை எங்கே பார்ப்பது? சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தான். தையலெல்லாம் வெளியே இருந்தது.

"என்ன நின்னுட்டீய? நடங்க!" என்றாள் தங்கை.

"அவஞ் சட்டையத் திருப்பிப் போட்டிருக்கான் கண்ணு."

"அவன் எப்படியும் போட்டுட்டுப் போறான், நீங்க வாங்க!"

வெளியே ஒரே இருட்டு. சுவரில் முட்டினேன், திரும்பினேன், மறுபடி முட்டினேன். அக்காளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. கேட்டருகில் நின்றபடி தன் மங்கல் டார்ச்சை அணைத்து அணைத்து எரியவிட்டாள். தூரத்தில் மின்மினிப் பூச்சி மாதிரித் தெரிந்தது. செருப்புக்குப் புள்ளியே ஏற்றாதவள் நான், சத்தமில்லாமல் நடந்தேன். படியிறங்கி, கூடத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டினேன். மூன்று பேரும் வெளியே வந்ததும் மணியடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஐந்தாவது கட்டடத்தின் படம் வந்தது.

தங்கை என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மேசைக்குப் போய்ப் பார்த்தேன். டார்ச் இருந்த இடத்தில் புதிதாக ஒரு டார்ச், புள்ளி ஐந்தும் வெறும் வட்டமாக இருந்தன. மனசு கொஞ்சம் சுருக்கென்றது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து தங்கையின் போன் அடித்தது. சூப்பர்வைசர். அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரட்டும் என்று அவர் கேட்பது எங்களுக்கே கேட்டது.

"இல்லண்ணே, ஆளு நிறைஞ்சுட்டு" என்றாள் அவள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார். "ஆமா, அதே ஆச்சிதான். நாலாவது முடிச்சாச்சு. எப்படின்னா, அது பெரிய கதைண்ணே, நாளைக்குச் சொல்லுதேன்."

போனை வைத்துவிட்டு, மூன்று பேர் ஆணியையும் என் டார்ச்சிலேயே போட்டுவிடலாமா என்று கேட்டாள்.

"இருங்கண்ணு. அந்தக் கட்டடத்துல என்ன இருக்குதுன்னு பாத்துட்டு எதுல போடறதுன்னு யோசிக்கலாம்."

"அங்க ரெண்டு நெட்டையன் உண்டாம். அந்த அண்ணன் சொன்னாரு."

"ரெண்டா?" என்று கேட்டு, கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் படத்தை அமுக்கினேன்.