அண்ணிக்காக எடுத்த மரங்கள்

திரையில் சிவப்புக் கார் வளைவின் நடுவே உறைந்து நிற்க, அண்ணி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்னும் கண்ணில் இருக்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் எனக்கு வேலை. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறையில், அப்போதே பழசாகிவிட்ட கம்ப்யூட்டரில் கார்ப் பந்தய சிமுலேட்டர் ஓட்டுவது என் பொழுதுபோக்கு. சாப்பாட்டு மேசை விளிம்பில் ஸ்டியரிங்கைத் திருகி மாட்டி, பெடலைக் கீழே வைத்துக்கொள்வேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, தானும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று அன்று கேட்டார்.

அவர் கேட்டதே ஆச்சரியம். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவர் வந்த ஆட்டோ தோப்பும்படி அருகே கவிழ்ந்திருந்தது. கை எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. அதன்பின் எந்த வண்டியிலும் அவர் ஏறவில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் நடைதான். ஆலுவாவிலிருந்து அவருடைய அம்மாதான் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்தச் சமயம் அங்கே அண்ணியின் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் புறப்பட்ட அண்ணி பஸ் நிறுத்தத்தோடு திரும்பி வந்துவிட்டார்.

முகத்திலிருந்து கையை எடுத்தபின் அண்ணி மெதுவாகச் சொன்னார்: "முட்டினா பயமில்ல தம்பி. இப்படி நின்னு நின்னு போறதுதான் பயம். அடுத்து என்ன வரும்னே தெரியல." ஆட்டோ சாய்ந்தபோதும் எல்லாம் ஒரு நொடி அப்படித்தான் நின்றுபோனதாம்.

அந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினேன். பெட்டியைத் திறந்து, விசிறியில் கம்பளி போலப் படிந்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். சூடு ஏறியதும் வேகம் குறைந்ததற்கு அதுவே பாதிக் காரணம். கடையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு மெஷினின் ராம் மெமரியை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து சேர்த்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதுமே தானாக ஓடத் தொடங்கும் வேண்டாத புரோகிராம்களை நிறுத்தினேன். அப்போதும் வளைவுகளில் திக்கியது. பிறகு விளையாட்டின் செட்டிங்குக்குள் போய், கம்ப்யூட்டருக்குப் பாரம் குறைய நிழலை எடுத்தேன், புகையை எடுத்தேன், கைதட்டும் கூட்டத்தை எடுத்தேன், போட்டிக் கார்களைக் குறைத்தேன். மிஞ்சியவை மரங்கள். அந்தக் காட்சிக்காகவே நான் வாங்கிய விளையாட்டு அது. மனசில்லாமல்தான் அவற்றையும் எடுத்தேன். கார் தண்ணீர் போல ஓடியது.

இவ்வளவு மொட்டையாகிவிட்டதே என்று அண்ணியிடம் வருத்தப்பட்டேன். "எனக்கு ரோடு தெரிஞ்சா மதி," என்றார். போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் சொல்.

அவர் பந்தயம் ஓட்டவில்லை. இடது ஓரமாக, ஊர்ந்துதான் போனார். மற்ற கார்கள் சுற்றுக்குச் சுற்று அவரைத் தாண்டிப் பறந்தன. வளைவு வரும் முன்பே பிரேக்கில் கால் வைத்தார். சில நாட்களில் கொஞ்சம் வேகம் பிடித்தார், சுவரில் முட்டினார், சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுகாலமாகியிருந்தது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணன் சத்தமில்லாமல் உள்ளே போய் எல்லோருக்கும் சாயா போட்டான்.

அந்த விளையாட்டு அவர் பயத்தைப் போக்கியது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. காலமும் ஆற்றியிருக்கலாம், பார்க்காத குழந்தை மீதான ஆசையும் இருந்திருக்கலாம். ஒரு நாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "ஆலுவாவுக்குப் போலாமா தம்பி? நீ பக்கத்துல இருந்தா மதி," என்று மட்டும் கேட்டார்.

இன்று அவரே கார் ஓட்டுகிறார். இடப்பள்ளிச் சந்திப்பின் நெரிசலில் என்னைவிட நிதானமாக நுழைந்து வெளியே வருவார். எனக்கென்னவோ அந்த முதல் பஸ் பயணம்தான் பெரிது. போகும்போது முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி, டிரைவர் திருப்பும் ஒவ்வொரு வளைவிலும் அவரும் அதை ஸ்டியரிங் போலத் திருப்பப் பார்த்துக்கொண்டே வந்தார். குழந்தையை மடியில் வாங்கியவர் வெகுநேரம் கீழே விடவில்லை. சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் ஏதோ சொல்ல அவர் பக்கம் திரும்பினேன். அண்ணி ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மட்டாஞ்சேரி வரும்வரை நான் எழுப்பவில்லை.