தரகர் அண்ணாச்சியின் மூட்டுவலி

தரகர் சங்கரலிங்கம் அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ராஜபாளையம் மாங்காய் மண்டியில் கூடை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவரிடம் விலை பேசித் தோற்று, தோற்றது தெரியாமல் சிரித்துக்கொண்டே வீடு திரும்பியவர்களே, இது உங்களுக்குத்தான். அதை அவர் எப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கேட்பார். சர்க்கரை வியாதி முற்றிவிட்டது போலும் என்று நினைத்து ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தாகமில்லப்பா. நாம ஒண்ணக் குடுத்தா, இவன் எதுக்குக் குடுக்கான்னு யோசிப்பாவ. வாங்கிக் குடிச்சா நாம விருந்தாளி. விருந்தாளிய வெரட்ட மனசு வருமா?"

என் தோப்பு விவகாரம் உங்களில் சிலருக்குத் தெரியும். பாகம் பிரித்ததில் அண்ணனுக்கும் எனக்கும் மனத்தாங்கல். அவர் பங்கைத் தாண்டித்தான் என் பங்குக்கு வண்டி போகவேண்டும். பாதையை முள் போட்டு அடைத்துவிட்டார். சப்பட்டை மாமரங்கள் காய்த்துத் தொங்கின. வெளியே கொண்டுவர வழியில்லை. உதிர்ந்தால் அந்த வருடக் கஞ்சி மண்ணோடு போகும். ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அண்ணன் வாசலை மிதிக்கமாட்டேன், அவர் வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டேன் என்று ஊரறியச் சொல்லியிருந்தேன்.

"நீ மிதிக்காண்டாம். நான் பேசுதேன். மூட்டு வலிக்கி, பஸ் ஏற முடியல. வண்டியில கொண்டு விட்டுரு, அது போதும்" என்றார் அண்ணாச்சி.

அவரை இறக்கிவிட்டு, அண்ணன் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் நின்றேன். திண்ணைப் பேச்சு முழுதும் கேட்டது. தண்ணீர் குடித்தவர், பாதையைப் பற்றி மூச்சே விடவில்லை.

"சப்பட்டையில எந்த மரத்த மொதல்ல எறக்கணும்? ஒங்களுக்குத்தான் தெரியுமாம்."

"யாரு சொன்னா?"

"ஒங்க தம்பி."

எப்போதோ நான் சொன்னதுதான். அண்ணாச்சி மறக்கவில்லை.

அண்ணன் முன்னே நகர்ந்து உட்கார்ந்தார். "கெணத்தடி மரந்தான். அது சரி, எறக்கி எப்படிய்யா கொண்டு போவீக?"

"அதான் எனக்கும் தெரியல."

அதோடு அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். என் டீ ஆறிப்போனது.

"முள்ளு என்ன மலையா? எடுத்துப் போட்டுட்டுப் போறது!" என்றார் அண்ணன்.

"எனக்குத் தோணல பாருங்க! இன்னொரு செம்பு தண்ணி வேணும். எனக்கில்ல, வெயில்ல ஒரு ஆளு நிக்காரு."

அப்போதுதான் அண்ணன் என்னைப் பார்த்தார். செம்போடு தெருவைத் தாண்டி அவரே வந்தார்.

"ஏலே, குடி. இது முனிசிபாலிட்டி தண்ணி. என் வீட்டுத் தண்ணியில்ல."

குடித்தேன்.

திரும்பும் வழியில், பாதையை நேராகவே கேட்டிருக்கலாமே என்றேன். "நான் கேட்டா முடியாதுன்னுருப்பாரு. அவிய வாயில வந்தா அது அவிய சொத்து. சொத்த யாரு விடுவா?" என்றார்.

அண்ணாச்சி வீட்டுக்குத் துட்டி கேட்கப் போன இடத்தில் அவர் மனைவியிடம், "அந்த மூட்டுவலியோட எம்புட்டு அலைஞ்சாரு மதினி" என்றேன்.

மதினி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "மூட்டுவலியா? அவியளுக்கா? போன வாரங்கூட ஏணியில்லாம மரத்துல ஏறுனாவளே!"

ஆக, அண்ணனிடம் பேசுவதற்கு முன்பே, மூட்டுவலியைச் சொல்லி என்னிடம் பேசி முடித்திருக்கிறார்!

அண்ணனும் வந்திருந்தார். பாதை திறந்த பிறகும் எங்களுக்குள் தலையாட்டலோடு சரி. துண்டை உதறிக் கிளம்பினார். அண்ணாச்சி விட்டுப்போனதில் எனக்கு வேண்டியது அந்த மூட்டுவலிதான். அங்கேயே எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, மூட்டு வலிக்கி. வீடு வரைக்கும் கூட வாயேன்."

அண்ணன் தோளைக் கொடுத்தார்.