‘எஸ்ஹெச்’ என்று கூப்பிட்டால் சட்டம் பேசும் பாஷ்

இன்று காலை எங்கள் கொச்சி மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் லாரி வந்து நிற்கிறது, மூட்டையில் ஒட்டும் லேபிள் அச்சாகவில்லை.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் லேபிள் அச்சடிக்கும் ஸ்கிரிப்டை தினமும் ‘பாஷ்’ என்று கட்டளை தட்டி ஓட்டுவோம். கூட வேலை பார்க்கும் பீனா சேச்சி இன்று சுருக்கமாக ‘எஸ்ஹெச்’ என்று ஓட்டியிருக்கிறார். செட்டிங்ஸ் ஃபைல் இல்லை என்று பாதியில் நின்றுவிட்டது.

“ஃபைல் இதே ஃபோல்டர்லதன்னே இருக்கு!”

“நம்ம கம்ப்யூட்டர்ல ரெண்டும் ஒரே ஆள்தான் சேச்சி. பாஷ்னு கூப்பிட்டா இந்த ஃபோல்டர்லயும் தேடிப் பார்க்கும். எஸ்ஹெச்னு கூப்பிட்டா சட்டப்படி நடக்கும். ‘பாத்’னு ஒரு பட்டியல், அதுல இருக்கிற இடத்துல மட்டும் தேடும். கிடைக்கலைன்னா வேலையையே விட்டுடும்.”

சேச்சி சிரித்துவிட்டார். “எங்க வீட்டுக்காரரும் இதுபோலத்தன்னே. செல்லமா ‘சேட்டா’ன்னு விளிச்சா வீடு முழுக்கத் தேடிக் கண்ணாடியை எடுத்துத் தருவார். ‘சந்திரன் சாரே’ன்னா, அலமாரியில இல்லன்னு சொல்லிட்டுப் பேப்பர் வாசிப்பார்.”

‘பாஷ்’ என்று ஓட்டினோம். லேபிள் வந்தது, லாரி கிளம்பியது.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி, “வாங்க சார்” என்கிறாள். நான் எதை மறந்தேன் என்று யாராவது ஊகித்துச் சொல்லுங்களேன்.