பாதி விலைக்கு ஒரு கயிறு மெஷின்

வீட்டிலேயே தேகப்பயிற்சி செய்ய, கயிற்றை இழுத்தால் எடை மேலே ஏறும் மெஷின் ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். புதிதாக வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது.

இன்று காலை எங்கள் சுரங்க ஊரின் பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது, பாதி விலைக்கு.

"இழுத்துப் பாருங்க சார். சுரங்கத்துல ஆளை இறக்குற கேஜ் கயிறு மாதிரி, அறுந்தே போகாது" என்றார் கடைக்காரர்.

பலங்கொண்டு இழுத்தேன்.

தொம்மென்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது. பக்கத்துப் பாத்திரக் கடையில் தட்டெல்லாம் கலகலத்தது.

"ஐயோ, மைனுக்குள்ள பாறை வெடிச்சிடுச்சி! எங்க வூட்டுக்காரு உள்ள இருக்காரே!" என்று பாத்திரக் கடை அம்மா அலறினார்.

கடைத்தெருவே சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கம் ஓடியது. நானும் ஓடினேன். காலை ஷிப்டில் என் தம்பி இறங்கியிருந்தான். வேண்டாத தெய்வமில்லை.

கேட்டில் நின்ற காவல்காரர் திகைத்தார். "உள்ள ஒண்ணும் ஆவலியே! இன்னாத்துக்கு ஓடியாறீங்க?"

அந்த அம்மா மூச்சிரைக்க என்னைப் பார்த்தார். "இன்னா சார் அது, கையில?"

குனிந்து பார்த்தேன். மெஷினின் கைப்பிடி. அதில் ஒரு முழம் அறுந்த கயிறு.

சத்தமே வராத தேகப்பயிற்சி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே, பாத்திரக் கடையைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக ஒரு வழியும்.