கொக்கியில் நான்காவது ஜாக்கெட்

இதைப் படித்துவிட்டு, இந்தப் பொம்பளைக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கவலையில்லை. என் கணவர் டெல்வினும் வெளியில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆனால் நடந்தது நடந்ததுதான். நேரத்தைக்கூட நிமிடக் கணக்காகச் சொல்வேன். அன்று அடுப்படிக் கடிகாரம் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

அமெரிக்காவின் பவல் ஏரியில் அந்தப் படகு வீடு பத்துக் குடும்பங்களுக்குப் பொது. கோடையில் ஆளுக்கு ஒரு வாரம். டெல்வினின் அண்ணன் ரூலன் தன் பங்கைப் பாதி விலைக்கு எங்கள் தலையில் கட்டினார். "வெளி ஆளுக்குக் குடுக்க மனசு வரலடா" என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டு ஜெபத்தில் டெல்வின் அண்ணனுக்கும் சேர்த்து நன்றி சொன்னார். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். அந்த ஆமெனை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை. குறுகலான ஒரு பள்ளத்தாக்குக்குள் படகை நுழைத்து, மூக்கை மணலில் ஏற்றி, நங்கூரங்களைக் குழி தோண்டிப் புதைத்துக் கட்டியிருந்தோம். இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறை. போன் எடுக்காது, கரையோடு பேசும் ரேடியோ மட்டும்தான். பிள்ளைகள் மூன்று பேரும் பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்தார்கள். மூத்தவன் கார்வருக்குப் பன்னிரண்டு வயது. மேலிக்கு ஒன்பது. கடைக்குட்டி ஐவிக்கு ஆறு.

மாலை 7.10. சூரியன் பாறைக்குப் பின்னால் போயும் சூடு குறையவில்லை. டெல்வின் ஏசிக்காக ஜெனரேட்டரைப் போட்டார். போட்டு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

டொக்... டொக்... டொக்.

படகின் பின்பக்கம், அடியிலிருந்து. மூன்று தட்டு, சீராக.

"கேட்டியா?" என்றேன்.

"மிதந்து வந்த கட்டையா இருக்கும்" என்றார் டெல்வின்.

"கட்டை எண்ணித் தட்டுமா?"

"அப்ப பேய்தான். அதுக்கும் சேத்து ஒரு உருளைக்கிழங்கு போடு."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணுவது என் வழக்கம். மூன்று பிள்ளை, மூன்று ஜாக்கெட். மூன்றும் பின்கதவுக் கொக்கியில் தொங்கினால்தான் எனக்கு நிம்மதி. 7.25க்கு எண்ணினேன். நான்கு இருந்தன. நான்காவது ஆரஞ்சு நிறம், சின்னப் பையன் அளவு, வெளுத்துப்போனது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பழைய ஜாக்கெட்டுகள் கிடக்கும் பெட்டியிலிருந்து கார்வர் எடுத்திருப்பான் என்று நினைத்து, அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

சாப்பிடும்போது ஐவி சொன்னாள். "அம்மா, படகுக்கு அடியில ஒரு ரூம் இருக்கு."

"என்ன ரூம்டி?"

"பின்னாடி ஏணி இருக்குல்ல, நாம குதிப்போமே, அந்தத் தட்டுக்குக் கீழ. தல மட்டும் வெளிய இருக்கும். மூச்சு விடலாம். ஒரு பையன் காட்டினான்."

பக்கத்தில் வேறு படகே இல்லை. டெல்வின் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிள்ளைகளின் கற்பனை என்று விட்டுவிட்டேன். ஒரு தாயாக அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

7.50. பாத்திரம் கழுவ எழுந்தேன். பின்கதவைப் பார்த்தேன்.

கொக்கியில் நான்கு ஜாக்கெட்.

ஆரஞ்சு ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். நான் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

"யாருடா இத எடுத்தது?"

கார்வரும் மேலியும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். "நாங்க எழுந்திரிக்கவே இல்லம்மா."

8.02.

டொக். டொக். டொக்.

இந்தத் தடவை பலமாக. என் காலடியில் தரை அதிர்ந்தது.

"ஐவி எங்க?"

கார்வரும் மேலியும் சீட்டிலிருந்து நிமிர்ந்தார்கள். அவளுடைய ஜாக்கெட் கொக்கியில் இருந்தது...

பின்பக்கம் ஓடினேன். தண்ணீரை ஒட்டிய அந்தத் தட்டில் அவளுடைய செருப்பு கிடந்தது. பக்கத்தில் இரண்டு ஜோடி ஈரக் கால்தடம். இரண்டும் சின்னவை. இரண்டும் ஏணியை நோக்கிப் போயிருந்தன.

டொக்...

ஜெனரேட்டர் நின்றது.

தானாக. ஒரே அடியாக. ஏசி நின்றது, விளக்கு அணைந்தது.

அந்த அமைதியில் தட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல். ஐவியின் குரல் இல்லை.

"சீக்கிரம்..."

குதித்தேன்.

தட்டுக்கு அடியில் கும்மிருட்டு. இரண்டு மிதவைகளுக்கு நடுவே பெட்டி மாதிரி ஒரு பொந்து. புகை. கண் எரிந்தது. கையை வீசினேன். ஒரு கால் சிக்கியது.

இழுத்தேன். வரவில்லை.

மறுபடி இழுத்தேன்.

அந்தப் பக்கமிருந்து யாரோ தள்ளினார்கள்.

ஐவி என் நெஞ்சில் வந்து விழுந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் துவண்டு என் தோளில் கிடந்தன.

என் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருந்தது.

சின்னக் கை. பனிக்கட்டி மாதிரி.

பிறகு விட்டுவிட்டது.

டெல்வின் ரேடியோவில் கத்தினார். ஹெலிகாப்டர் வந்தபோது மணி 8.51. ஐவி பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: ஜெனரேட்டர் புகை அந்தப் பொந்தில் போய்த் தேங்குமாம். வாசனை கொஞ்சம்தான், விஷம் முழுக்க. இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் பிணமாகத்தான் எடுத்திருப்பீர்கள். "நல்ல வேளை, ஜெனரேட்டர நிறுத்தினீங்க" என்றார்.

நான் டெல்வினைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீதான நிறுத்தின?" என்றார்.

சுவிட்ச் படகுக்குள்ளே, என் தோள் உயரத்தில். மறுநாள் சாமான் எடுக்கப் போனபோது பார்த்தேன். சுவிட்சுக்குக் கீழே யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார்கள். நாற்காலியின் மெத்தை இன்னும் ஈரமாக இருந்தது. எங்கள் மூன்று ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன். நான்காவது கொக்கியிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை.

நவம்பரில் நன்றி சொல்லும் நாள் விருந்து. ரூலன் வீட்டில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஏரியில் ஐவி மூழ்கப் பார்த்தாள் என்று மட்டும்தான் டெல்வின் அண்ணனிடம் சொல்லியிருந்தார். ரூலன் வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்தார். ஐவி தலையைத் தூக்கினாள்.

"பெரியப்பா, எம்மட் உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னான்."

அந்தப் பெயரில் எங்களுக்கு யாரையும் தெரியாது. ரூலனின் கத்தி நின்றது.

"மூணு தடவ தட்டினேனே, பெரியவரு ஏன் வரலன்னு கேக்கச் சொன்னான்."

 ரூலன் கத்தியைக் கீழே வைத்தார்.

"விளையாடறாங்கன்னு நெனச்சேன்..." என்றார்.

பிறகுதான் எல்லாம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ரூலனின் வாரம். கூட வேலை பார்ப்பவரின் மகன் எம்மட், எட்டு வயது, அந்தப் பொந்துக்குள் போயிருக்கிறான். ரூலன் ஏசி காற்றில் சோபாவில் படுத்திருந்தார். தட்டியது கேட்டது. எழுந்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் தண்ணீரில் மூழ்கிச் செத்தான் என்று முடித்துவிட்டார்கள். நாங்கள் அப்போது வேறு மாநிலத்தில், ஐடஹோவில் இருந்தோம், எங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. படகில் ஒவ்வொரு குடும்பமும் எழுதிவைக்கும் நோட்டில் அந்த வாரத்துக்கு அவர் எழுதியதை நானே படித்திருந்தேன். "நல்ல வாரம். ஏணி கொஞ்சம் ஆடுகிறது."

வெளி ஆள் என்றால் நாலு கேள்வி கேட்பான். தம்பி கேட்க மாட்டான். அதனால்தான் அவருக்கு வெளி ஆளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

போன மாதம் டெல்வின் எங்கள் பங்கை விற்க விளம்பரம் தயார் செய்தார். படகின் பின்பக்கப் படம். வசந்தத்தில் அவர் மட்டும் தனியாகப் போய் எடுத்தது. எங்கள் ஜாக்கெட் மூன்றும் அப்போது வீட்டில், என் அலமாரியில் இருந்தன.

படத்தில் கொக்கியில் ஒன்று தொங்கியது. ஆரஞ்சு நிறம். அதற்குக் கீழே தரை நனைந்திருந்தது.

நான் விரலை வைத்துக் காட்டினேன். டெல்வின் ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"பொந்தப் பத்தி எழுது. அந்தப் பையனப் பத்தியும் எழுது" என்றேன்.

"எழுதினா யாரு வாங்குவா, லரே?" என்றார்.

படத்தின் அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு, விளம்பரத்தைப் போட்டார்.

நேற்று ஒருவர் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அவருக்கு இரண்டு பிள்ளைகளாம். டெல்வின் குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.