வியாழக்கிழமை ரயிலில் ஒரு தொடர்கதை

காலை ஆறு இருபத்தைந்து. செங்கல்பட்டிலிருந்து சென்னை பீச் வண்டி புறப்பட ஐந்து நிமிடம் இருந்தது. பெட்டியில் ஏறியதும் முதலில் என் கண்ணில் பட்டது சுருட்டிய வார இதழ். அதைப் பிடித்திருந்தவரை அப்புறம்தான் பார்த்தேன். அவர் சென்னையில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் எழுத்தர். ஐம்பது வயது இருக்கும். வியாழக்கிழமைகளில் ஸ்டேஷன் கடையில் கட்டுப் பிரித்ததும் முதல் பிரதி அவருக்குத்தான்.

வண்டி கொளவாய் ஏரியைத் தாண்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடர்கதையை உரக்கப் படிப்பார். தாம்பரத்தில் கூட்டம் ஏறுவதற்குள் முடித்துவிடுவார். முன்பெல்லாம் கொலை, துப்பு என்று மர்மக்கதைகள். 1976இல் அவர் படித்தது ஒரு பையன் வளரும் கதை. மானாவாரிக் கிராமத்திலிருந்து டவுன் ஹாஸ்டலுக்கு வந்த பன்னிரண்டு வயதுப் பையன்.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தேன். நெருக்கடி நிலை அமலில் இருந்தது. பக்கங்கள் தணிக்கைக்குப் போய்த் திரும்பும். அடித்த இடங்களை மழை அளவாலும் கோயில் விழாவாலும் நிரப்புவோம். பெரியமேட்டுக்குப் போகும் தோல் வியாபாரி ஒருவர், எங்கள் எல்லோருக்கும் பாய், தினமும் என்னைச் சீண்டுவார்.

"இன்னா பேப்பர் சார், நாட்டுல மழைய தவுர எதுனா நடக்குதா?"

சில மாதங்களில் அவரும் கேட்பதை நிறுத்திக்கொண்டார். எதிரில் இருப்பவர் யார், யாரிடம் போய்ச் சொல்வார் என்பது தெரியாததால் பெட்டியில் பேச்சு குறைந்தது. தொடர்கதை மட்டும் நிற்கவில்லை. மூட்டுவலிக்காரர்களும் பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்களும் ஒரு பையன் ஏழாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போனதை அசையாமல் கேட்டார்கள். இரண்டு வருடம் முன்பு இந்தக் கதையைக் கேலி செய்திருப்பார்கள். எங்களுக்கு அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாது. அவனுக்கு ஏழுக்குப் பிறகு எட்டு, எட்டுக்குப் பிறகு ஒன்பது. அவன் வளர வேண்டுமானால் கதையில் நாளை என்று ஒன்று இருந்தாக வேண்டும். அதற்காகவே கேட்டார்கள் என்று நினைக்கிறேன். நானும் அதற்காகவே கேட்டேன்.

மாசி மாதத்தில் எழுத்தரின் ஒரே மகன், கல்லூரி மாணவன், ஒரு மாலை நான்கு பேருடன் ஜீப்பில் ஏறிப் போனான். வந்தவர்கள் சீருடையில் இல்லை. எங்கே போய்க் கேட்டாலும் அப்படி யாரையும் அழைத்துவரவில்லை என்றார்கள். பெட்டியில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. மனு எழுதித் தரும்படி அவர் என்னிடம் மட்டும் கேட்டார். அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது முழங்காலுக்குக் கீழே பிறை வடிவத் தழும்பு என்று எழுதச் சொன்னார். பதினொரு வயதில் ஏரிக்கரையில் சைக்கிள் பழகும்போது விழுந்ததாம்.

"சீட்ட புடிச்சிகினே ஓடியாந்தேன். நான்தான் கைய வுட்டுட்டேன்" என்றார்.

தழும்பை எழுதினேன். மற்றதை எழுதவில்லை.

அடுத்த வியாழன் கதையில் பையன் சைக்கிள் பழகினான். அப்பா பிடியை விட்டார். பையன் விழாமல் கரையின் கோடிவரை போய்த் திரும்பி வந்தான். யாரோ கை தட்டினார்கள். நான் அவருக்கு எதிர் இருக்கையில் இருந்தேன். அச்சுக்கூடத்தில் பக்கம் கட்டும்போது எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பழகியவன் நான். அவர் விரித்திருந்த பக்கத்தில் பையன் ஹாஸ்டலில் காய்ச்சலோடு கிடந்தான். சைக்கிளே இல்லை.

இறங்கியதும் பாயிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"எங்கூட்டு பொண்ணுங்க அத்த படிச்சிட்டு அழுதுகினு கீதுங்க. நீ கண்டுக்காத சார். நமக்கு அவரு படிக்கறதுதான் கத."

அதன்பிறகு கவனித்தேன். எங்கள் பெட்டியில் வேறு யாரும் அந்த இதழைக் கையில் கொண்டு வருவதில்லை. ஆடி மாதத்துக்குள் அச்சில் அந்தப் பையன் படிப்பை விட்டுச் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். ரயிலில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதி முடித்திருந்தான்.

ஆடிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாமல்லபுரம் பகுதி நிருபர் இரண்டு வரி அனுப்பினார். ஊருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இளைஞர் உடல் கரை ஒதுங்கியது, வயது சுமார் இருபது. மறுநாள் பேப்பரில் அது வரவில்லை. வண்டி புறப்படுவதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் எழுத்தரிடம் சொன்னேன். அவர் டிபன் டப்பாவைப் பாயிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு பாயும் எங்களோடு வந்தார்.

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனோம். வழியில் எழுத்தர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாளைக்கி வியாழன்தானே?"

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் ஓலைப்பாயால் மூடி வைத்திருந்தார்கள். நான்கைந்து நாள் தண்ணீரில் கிடந்த உடல். முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை என்று சொல்லி, காவலர் கால் பக்கத்திலிருந்து ஓலையை விலக்கினார். எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குந்தினார். இடது முழங்காலுக்குக் கீழே பிறை வடிவத் தழும்பு இருந்தது. நான் மனுவில் எழுதிய அதே இடம், அதே அளவு.

"இது நம்ம புள்ள இல்ல" என்றார்.

"நல்லா பாத்துக்க பெரியவரே. நாளைக்கி வந்து கேட்டா கெடைக்காது."

"பாத்துட்டேன். என் பையனுக்கு கால்ல ஒரு தழும்பும் கெடையாது."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். உடல் அடையாளம் தெரியவில்லை என்று காவலர் எழுதி, சாட்சிக்கு இரண்டு கையெழுத்து கேட்டார். பாய் போட்டார். அதற்குக் கீழே நான் போட்டேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தோப்பின் தென்கோடியில் புதைத்தார்கள். எழுத்தர் போகாமல் நின்றார். தலை எந்தப் பக்கம் என்று குழி வெட்டியவரிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய் மூன்று கைப்பிடி மண் போட்டார். யாரோ பெற்ற பிள்ளை என்று எங்களிடம் சொன்னார்.

மறுநாள் வண்டி ஏரியைத் தாண்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலில் மாற்றம் இல்லை. பையன் தேறிவிட்டான். பேப்பரில் அவன் நம்பரை முதலில் பார்த்தது அப்பாதான். பெட்டியில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்த காலேஜில சேக்கப் போறாங்களாம்?" என்று பாய் கேட்டார்.

"அடுத்த வாரம் தெரியும்" என்றார் எழுத்தர்.

அவர் விரித்திருந்த பக்கத்தில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு இருந்தது. இந்த வாரம் தொடர்கதை இடம்பெறவில்லை.