ஸ்டெல்லா அக்காவின் வானவில் மீன்கள்

சிலிபின் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் கணவர் ஆண்டனி அண்ணன் கைப்பேசியில் அழைத்தார். "ஸ்டெல்லா காலையில போயிட்டாம்மா" என்றார். பிறகு வீட்டுத் தொட்டி மீன்களுக்கு இன்றைக்கு எவ்வளவு தீனி போடவேண்டும் என்று கேட்டார். ஒரு சிட்டிகை போதும் என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று அழுதேன்.

ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் அக்காவும் நானும் பல ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்த வரவேற்பறை மீன்தொட்டியும் நினைவிருக்கும். முதலில் அவர் கொண்டுவந்து விட்ட வானவில் மீன் குஞ்சுகள் நெத்திலி போலச் சாம்பல் நிறத்தில் இருந்தன. டாக்டருக்குப் பிடிக்கவில்லை. தங்கமீன் வாங்கி விடச் சொன்னார்.

"சின்னப் பிள்ளைங்க டாக்டர். வளர்ந்தாத்தான் கலர் வரும் லா" என்று சொல்லி அக்கா ஓராண்டு தவணை வாங்கினார்.

தவணை முடியுமுன்பே முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக அவை மாறிவிட்டன. காலையில் விளக்கைப் போட்டதும் ஆண் மீன்கள் துடுப்பை விரித்து ஒன்றுக்கொன்று வீறாப்புக் காட்டும். பல் பிடுங்க வந்தவர்கள் பெயரைக் கூப்பிட்டாலும் எழமாட்டார்கள். டாக்டரே நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டியருகில் காப்பி குடிக்கத் தொடங்கினார்.

ஓய்வு பெற்றதும் அக்காவுக்கு அந்த மீனை அதன் சொந்த ஏரியில் பார்க்கும் ஆசை வந்தது. ஏரியோ இந்தோனேசியாவின் பாப்புவாவில். துணைக்கு நான். இருவருக்கும் நீச்சல் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எங்களை, ஈயம் தோண்டிய குழிகளில் நீர் தேங்கிய ஈயக்குட்டைப் பக்கம் வீட்டில் போகவிட்டதே இல்லை.

விமானங்கள் மாறி, சேற்றுப் பாதையில் குலுங்கி, கடைசியில் ஒரு சிறு படகில் ஏறினோம். அக்கா இரவல் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகோரம் குப்புறப் படுத்து முகத்தைத் தண்ணீரில் வைத்தார். உயிர்காப்புச் சட்டையின் வாரை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவர் எழவில்லை. பயந்துபோய் இழுத்தேன்.

"விடு சாந்தி. நம்ம கிளினிக்குல பார்த்தது பாதிக் கலர்தான்" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்.

படகுக்காரர் ஒரு ஜோடி பிடித்துத் தருவதாகச் சொன்னார். அக்காவின் முகத்தில் ஆசை தெரிந்தது. ஆனால் அந்த ஏரியில் இந்த மீன் குறைந்துவருகிறது என்று வழியெல்லாம் சொல்லி வருந்தியவரும் அவர்தான். கடைசியில் மலாயில் வேண்டாம் என்றார். என் பக்கம் திரும்பி, "நம்மகிட்ட இருக்கிறது ஈப்போவுல பொறந்தது. இதுங்க இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

திரும்பும் விமானத்தில், கேட்காதவர்களுக்கும் கைப்பேசியில் படம் காட்டினார். அந்தப் படத்தில் இருந்தது கலங்கிய தண்ணீரும் என் கட்டைவிரலும்தான். அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் டாக்டர் இதைச் சொன்னபோது ஆண்டனி அண்ணனே சிரித்துவிட்டார்.

தெரியாத தண்ணீரில் முகம் வைத்த அந்தத் துணிச்சலை மட்டும் அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டேன். இப்போது புதன்கிழமைகளில் நீச்சல் வகுப்புக்குப் போகிறேன். அங்கே என் வயதில் வேறு யாரும் இல்லை. இன்னும் மிதக்க வரவில்லை. ஆனால் தண்ணீருக்குள் கண்ணை மூடுவதில்லை.